எந்தப் பிழைக்கு அஞ்ச வேண்டும்?

வின்செஸ்டர் மாடல் 70 நல்லதா, ரெமிங்டன் மாடல் 700 நல்லதா? அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அறுபது ஆண்டுகளாக இதைப் பற்றி வாதாடி வருகிறார்கள். முன்னது 1936இல் வந்தது, பின்னது 1962இல். இரண்டும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள்தான்: சுட்ட பிறகு போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே குற்றமாகிவிட்ட இந்தியாவில் இருந்துகொண்டு நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் இந்த இரண்டு ரைபிள்களின் உள்ளமைப்பிலும் அறவியலின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே தெரியும். அந்தத் தவறின் விலையை யார் தலையில் கட்டுவது? கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கு நாம் விடை சொல்லிவிடுகிறோம். ஆகவே அந்தத் தேர்வு ரசனையோடு முடிந்துவிடுவதில்லை, வினைக்கணக்கிலும் சேரும் என்பதே என் வாதம்.

தோட்டா குழலுக்குள் போகும் விதத்திலிருந்து தொடங்கலாம். 1898ஆம் ஆண்டின் ஜெர்மானிய மவுசர் ரைபிளில் இருந்த நீண்ட எஃகுக் கொக்கியை மாடல் 70 எடுத்துக்கொண்டது. மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே கொக்கி அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னுக்கு இழுத்தாலும் தோட்டா கூடவே வந்து வெளியே விழும். மாடல் 700இல் போல்ட் தோட்டாவை வெறுமனே தள்ளிக்கொண்டு போகிறது. போல்ட் மூடும் தறுவாயில்தான் பிடி கிடைக்கிறது. அதற்கு முன் இழுத்தால் அந்தத் தோட்டா உள்ளேயே தங்கிவிடும், அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும். காயம்பட்ட மான் எழுந்து ஓடும் நொடிகளில் ரைபிள் அடைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு ஈடாக மாடல் 700 வேறொன்றைத் தருகிறது. போல்ட் முகப்பு, குழல், ரிசீவர் என மூன்று எஃகு வளையங்கள் தோட்டாவின் அடிப்பகுதியைச் சூழ்ந்திருப்பதால், பித்தளைக் கூடு கிழிந்தாலும் வாயு சுடுபவரின் முகத்தில் அடிப்பது தடுக்கப்படுகிறது. ஆக, மாடல் 70 கை தவறுவதற்கு அஞ்சுகிறது, மாடல் 700 உலோகம் தவறுவதற்கு அஞ்சுகிறது. மான் வேட்டையில் முந்தைய அச்சம் பெரும்பாலும் விலங்கை வதையிலிருந்து காக்கிறது. பிந்தையது சுடுபவரைக் காக்கிறது.

ரைபிள் தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மாடல் 70இல் அது போல்ட்டின் பின்முனையில் உட்கார்ந்து, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியையே பிடித்து நிறுத்துகிறது. அதன் மூன்று நிலைகளில் நடுநிலையில் வைத்தால், ஊசி பூட்டியபடி இருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிடலாம். மாடல் 700இன் சேஃப்டி ஊசியைத் தொடுவதில்லை. ஊசியைத் தாங்கி நிற்கும் பகுதியைத்தான் தடுக்கிறது. போதாக்குறைக்கு, 1982 வரை வந்தவற்றில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க முதலில் சேஃப்டியை நீக்கியாக வேண்டும். டிரிக்கருக்குள் தனியாக நின்று, ஒவ்வொரு முறை சுடும்போதும் சற்று விலகித் திரும்ப வேண்டிய ஒரு சிறு உலோகத் துண்டும் இருந்தது. இடுக்கில் அழுக்கு சேர்ந்து அது முழுதாகத் திரும்பாமல் போனால், விரல் படாமலேயே ரைபிள் வெடிக்கலாம் என்பது குற்றச்சாட்டு. காயங்கள், மரணங்கள், பல பத்தாண்டு வழக்குகள். மாடல் 700க்கு முன்பே இருந்த இந்த டிரிக்கரை வடிவமைத்த மைக் வாக்கரே 1948இல் ஒரு மாற்றத்தை முன்மொழிந்ததையும், ரைபிள் ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாகும் என்ற கணக்கோடு அது கைவிடப்பட்டதையும் வழக்குகளில் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கான ரைபிள்களின் டிரிக்கரை மாற்றித் தர ஓர் உடன்படிக்கையில் இசைந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அறம் எண்ணத்தில் இருக்கிறது, எஃகுக்கு ஏது பாவ புண்ணியம்? இந்தச் சர்ச்சை நமக்குப் புதிதல்ல. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் உடலால் செய்யும் தீவினை பெரிதா, மனத்தால் செய்வது பெரிதா என்று சமணத் தரப்பும் புத்தரும் மோதுகிறார்கள். புத்தர் மனத்தின் பக்கம் நிற்கிறார். அதையே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் கருவி தப்பித்துவிடாது. சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் பறிப்பதையே ஹிம்சை என்று வரையறுக்கிறது. அசட்டை மனத்தின் நிலைதானே? காட்டில் நிற்கும்போது கை நடுங்குவது ஒருவர் வசத்தில் இல்லாதிருக்கலாம். ஆனால் கை நடுங்கும் என்று தெரிந்தும், நடுக்கத்தை மன்னிக்காத கருவியைக் கடையில் நிதானமாக நின்று வாங்குவது முழுக்க அவர் வசத்தில் இருக்கிறது. விபத்தின் வேர் எண்ணத்தில்தான் இருக்கிறது. சில மாதங்கள் முந்தைய எண்ணத்தில்.

அடுத்த மறுப்பு மாடல் 700இன் துல்லியம். அமெரிக்க மரீன் படை 1966இல் எம்40 என்றும், தரைப்படை 1988இல் எம்24 என்றும் இதைத்தான் தங்கள் ஸ்னைப்பர் ரைபிளாக்கின. துல்லியமாகச் சுட்டால் விலங்கு துடிக்காமல் சாகும், அதுவும் கருணைதானே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அகலம். இருநூறு மீட்டரில் மிக நல்ல ரைபிளின் குண்டுகள் சுமார் ஆறு சென்டிமீட்டருக்குள் விழும். சுமாரான ரைபிளின் குண்டுகள் பன்னிரண்டுக்குள் விழும். இரண்டுமே போதும். மிச்சத் துல்லியத்தைச் சுடுபவரின் மூச்சும் தோளும் தின்றுவிடும். பயிற்சி உள்ளவருக்கு எந்த ரைபிளும் சரி என்ற வாதமும் இப்படித்தான். பயிற்சி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அது கைவிடும் கணத்துக்காகத்தான் சேஃப்டி என்ற ஒன்றே இருக்கிறது.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கடுமையானது. தேவையில்லாமல் கொல்லப் போகிறவருக்கு எந்த ரைபிள் அறம் என்று சொல்லித் தருவது போலித்தனம் அல்லவா? கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்தவர் வள்ளுவர். வேட்டையைச் சங்கற்ப ஹிம்சை, அதாவது மனமறிந்து செய்யும் கொலை என்று வகுத்துத் தடுத்தது சமணம். அவர்களுக்கு முன்னால் இந்த வாதம் வேட்டையை நியாயப்படுத்தாது, நியாயப்படுத்தவும் கூடாது. ஆனால் அதே சமணம், இல்லறத்தில் நேரும் ஹிம்சை, தொழிலில் நேரும் ஹிம்சை, தற்காப்பில் நேரும் ஹிம்சை என்று தரம் பிரித்ததையும் மறக்கக் கூடாது. தீமையில் தரமே இல்லை என்று சொல்லிவிட்டால், ஒரு படி இறங்கியவரைப் பத்துப் படி இறங்கவிடாமல் தடுக்க நம்மிடம் எந்த வார்த்தையும் மிஞ்சாது.

என் தீர்ப்பு மாடல் 70இன் பக்கம். அது பெயருக்கான தீர்ப்பல்ல. 1964இல் செலவைக் குறைக்க வின்செஸ்டரே அந்தக் கொக்கியைக் கைவிட்டது, 1990களின் தொடக்கத்தில்தான் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்து மாடல் 70களை வாங்குகிறவருக்கு நல்ல சேஃப்டி கிடைக்கும், கொக்கி கிடைக்காது. டிரிக்கரை மாற்றிய மாடல் 700ஐ வைத்திருப்பவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்; பிழைக்கு அவர் முன்கூட்டியே அஞ்சியிருக்கிறார். ரைபிளோ, காரோ, மின்சார அடுப்போ, பிறர் உயிரைத் தொடும் எந்தக் கருவியை வாங்கும்போதும் கடைக்காரரிடம் இது எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று கேட்பதற்கு முன்னால், நான் தவறினால் இது என்ன செய்யும் என்று கேளுங்கள்.