கவலை அன்று, கடமை

1898-ஆம் ஆண்டு. பிளேக் நோய்க்கு அஞ்சிக் கல்கத்தா மக்கள் நகரைவிட்டு ஓடினர். டார்ஜிலிங்கில் ஓய்விலிருந்த சுவாமி விவேகானந்தரோ செய்தி அறிந்து நகருக்குத் திரும்பினார். நிவாரணப் பணிக்குப் பணம் எங்கே என்று துறவிச் சகோதரர் ஒருவர் கவலையுற்றார். தேவையெனில் மடத்திற்காக வாங்கிய நிலத்தையே விற்கலாம் என்றார் சுவாமிஜி.

மறு ஆண்டு நோய் மீண்டும் தலைதூக்கியது. சகோதரி நிவேதிதா தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைப் பெருக்கினார். அதைக் கண்டு நாணிய இளைஞர்கள் துடைப்பத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டனர்.

நாளை வருவதை எண்ணி நடுங்குவதால் தெருக்குப்பை அகல்வதில்லை. வருமுன் காப்பதும் வழிபாடே. மனத்தில் கவலை எழும்போது சாதகன் தன்னைக் கேட்க வேண்டியது ஒன்றே: இன்று என் கைக்கு எட்டும் பணி எது? அதைச் செய்து, பலனை இறைவனிடம் ஒப்படைப்பதே கர்மயோகம்.