வழுவும் அமைதியும்

குடியேற்றம் என்னும் பெயரே மக்கள் நாவில் தேய்ந்து குடியாத்தம் ஆயிற்று என்பர். அதனைப் பிழை என்று எவரும் திருத்துவதில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையிலும் அரசின் ஆவணங்களிலும் தேய்ந்த பெயரே நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அதே ஊரின் பிள்ளை ஒருவன் வகுப்பறையில் எழுந்து, "புத்தகம் வூட்ல கீது" என்றால் அறையே சிரிக்கிறது. ஊரின் பெயருக்குக் கிடைத்த ஏற்பு, அவ்வூர்ப் பிள்ளையின் பேச்சுக்கு ஏன் கிடைப்பதில்லை? அன்றாட மொழி இலக்கண விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கவேண்டுமா, அன்றி விருப்பம்போல் விளையாடலாமா என்னும் வினா, புலவர்களுக்கு மட்டும் உரியது அன்று. அதில் மனிதரின் மானமும் அடங்கியிருக்கிறது.

ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூரில் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் உலவுகின்றன. லுங்கி நெய்பவரும், பீடி சுற்றுபவரும், தீப்பெட்டி ஒட்டுபவரும், பேரணாம்பட்டு, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்கு வேலைக்குச் செல்பவரும் ஒருவர் சொல்லை மற்றவர் கடன் வாங்கியே நாளை நடத்துகின்றனர். 'உஷார்', 'பேஜார்' என்போர் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. 'நைனா' என்று அன்போடு அழைப்பவருக்கு அது தெலுங்கிலிருந்து வந்த சொல் என்னும் நினைவே எழுவதில்லை. இதனைக் கண்டு, மொழி சிதைகிறதே என வருந்துவோர் உண்டு. வாழும் மொழிக்கு வேலி எதற்கு என்று கேட்போரும் உண்டு. 1912-இல் இவ்வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த மு. வரதராசனாரின் புதினங்களில் மாந்தர் திருத்தமான தமிழில் உரையாடுவர். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் கதைகளிலோ இவ்வட்டாரப் பேச்சே உயிர்ப்புடன் ஒலிக்கிறது. இருவரையும் பெற்றது ஒரே மண்தான்.

இவ்வழக்கில் முதல் சாட்சியாக இலக்கண நூலையே அழைப்போம். பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கிறது. இயல்பு வழக்கில் இலக்கணம் உடைய சொல்லோடு, மருவித் தேய்ந்த மரூஉச் சொல்லுக்கும் இடம் தருகிறது. குடியாத்தம் நுழைந்தது இந்த வாசல் வழியேதான். தகுதி வழக்கிலோ, ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறிக்கு இடமுண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். குடித்தவன் உள்ளத்தில் உள்ளதையெல்லாம் உளறிவிடுவான் அன்றோ! கள்ளுக்கு இப்படிப் பெயரிட்ட குறும்பை நம் இலக்கணம் கடிந்துகொள்ளவில்லை. வகைப்படுத்திப் போற்றி வைத்திருக்கிறது. ஆகவே விதியும் விளையாட்டும் பகைவர் என்னும் எண்ணம் தமிழ் இலக்கண மரபிலிருந்து வந்தது அன்று.

இரண்டாம் சாட்சி இன்னும் ஆழமானது. எதிரே நிற்பவர் ஒருவரே ஆயினும் நாம் 'வாருங்கள்' என்று பன்மையில் அழைக்கிறோம். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் அமைந்த உயர்சொல்லே என்றும், இலக்கண முறைப்படி அமைந்தது அன்று என்றும் தொல்காப்பியம் தெளிவாகக் கூறுகிறது. சற்று நின்று இதனைச் சிந்திக்கவேண்டும். நம் மொழியில் மரியாதையே ஒரு வழுவாகத் தொடங்கியது! ஒருவரை ஒருவராக மட்டும் எண்ணாமல், அதனினும் பெரியவராக எண்ணிய உள்ளம் விதியை மீறியது. மொழி அதனை ஏற்றுக்கொண்டது.

மறுபுறத்தையும் பார்ப்போம். தோலின் நாற்றத்திலும் சுண்ணாம்புத் தொட்டியின் ஈரத்திலும் நாற்பது ஆண்டுகள் உழைத்து நரைத்த ஒருவரை, மகன் வயதுள்ள ஒருவன் 'டேய், இங்கே வா' என்று அழைக்கிறான். இவ்வாக்கியத்தில் வழு ஏதும் இல்லை. முன்னிலையில் நிற்பவர் ஒருவர், ஏவல் ஒருமை. இலக்கண ஆசிரியர் முழு மதிப்பெண் இடலாம். ஆனால் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இழைக்கப்பட்ட அவமதிப்பு முழுவதும் அந்தப் பிழையற்ற வாக்கியத்துக்குள் குடியிருக்கிறது. அதே தெருவில் ஒரு தாய், தன் மகனை 'வா நைனா' என்று அதே ஒருமையில் அழைக்கிறாள். அங்கே அவமதிப்பின் நிழல்கூட இல்லை. விதியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கேட்பவர் நெஞ்சுக்கு ஒன்று அமுது, மற்றது நஞ்சு.

உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் வழுவினும் அது இயல்பே என நன்னூல் இசைவு தருகிறது. மாலையில் வீடு திரும்பும் பசுவைத் தாய் என்று அழைத்து 'வந்தாள்' என முடித்தால், அது உவப்பினால் வந்த வழுவமைதி. ஒரு மனிதரை 'அது' என்று தள்ளிப் பேசினால், அதுவும் இழிப்பினால் வந்த வழுவமைதியே. அன்பின் மீறலையும் வெறுப்பின் மீறலையும் இலக்கணம் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. இது நூலின் குறை அன்று. வாக்கியம் அமைந்ததா என்று பார்ப்பது இலக்கணத்தின் வேலை. அது யாரைக் காயப்படுத்தியது என்று பார்ப்பது மனச்சான்றின் வேலை. ஒன்றின் வேலையை மற்றதனிடம் ஒப்படைக்க முடியாது.

நற்செய்தியில் இவ்வேறுபாடு ஒளிபோல் விளங்குகிறது. நம் ஆண்டவர் சொல்லோடு விளையாடத் தயங்கியவர் அல்லர். சீமோனுக்குப் பாறை என்று பெயரிட்டார்; செபதேயுவின் மக்கள் இருவருக்கும் இடியின் மக்கள் என்று பட்டப்பெயர் சூட்டினார். ஊசியின் காதில் ஒட்டகத்தை நுழைத்தும், கண்ணுக்குள் மரக்கட்டையை வைத்தும் பேசினார். எனினும், சகோதரனை இழிசொல்லால் அழைப்பவன் தீர்ப்புக்கு ஆளாவான் என்று மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பவரும் அவரே. அவர் சூட்டிய பட்டப்பெயர் ஒருவரை உயர்த்தியது. அவர் விலக்கிய இழிசொல் ஒருவரைத் தாழ்த்துவது. மேலும், பேதுருவைத் தலைமைக் குருவின் முற்றத்தில் காட்டிக்கொடுத்தது அவரது கலிலேயப் பேச்சே. திருச்சபையின் முதல் தலைவர் வட்டார வழக்கு மாறாத வாயோடுதான் நற்செய்தியை அறிவித்தார்.

அப்படியானால் விதியே வேண்டாவா? அவ்வாறு கூறுவது எளியவருக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு குறித்து 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அங்கே ஒரு சொல் நெகிழ்ந்திருந்தால், நிலம் கெட்ட உழவரின் இழப்பீடும் நெகிழ்ந்திருக்கும். கழிவுத் தொட்டியருகே தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் விளையாட்டுக்கு இடமில்லை. அது தெளிவாக இல்லையேல் உயிர் போகும். கூலி ஒப்பந்தத்திலும் கடன் பத்திரத்திலும் இரு பொருள்படும் சொல், எப்போதும் வலியவன் பக்கமே சாயும். ஆம் என்றால் ஆம் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் பேசுமாறு இயேசு கற்பித்தது இத்தகைய இடங்களுக்கு மிகவும் பொருந்தும். கட்டுப்பாடு வலியவனின் நாவுக்குக் கடிவாளம் ஆகும்போது, அது எளியவனுக்குக் காவலாகிறது.

நமக்கு முன் உழைத்த குருக்கள் இவ்விரண்டையும் அறிந்திருந்தனர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார், கடற்கரை மக்களின் பேச்சைக் கேட்டே 16-ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாயிற்று. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இயற்றினார். தேம்பாவணி பாடிய அதே கை, பரமார்த்த குருவின் கதையையும் எழுதி, குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் வைத்து நம்மைச் சிரிக்கச் செய்தது. குருவாகிய ஒருவரே குருவைப் பார்த்து நகைத்த அந்தத் துணிவு கருதத்தக்கது. மேலிருப்பவனை நோக்கியும் தன்னை நோக்கியும் எறியப்படும் கேலி விளையாட்டு. கீழே கிடப்பவனை நோக்கி எறியப்படுவது கல்.

இதனை நம் வகுப்பறைக்கும் ஆலயத்துக்கும் கொண்டுவருவோம். 'கீது' என்று பேசும் பிள்ளைக்கு 'இருக்கிறது' என்று எழுதக் கற்பிப்பது நம் கடமை. மனுவும் தேர்வும் ஒப்பந்தமும் அந்தத் தமிழில்தான் எழுதப்படுகின்றன. அதனை மறுப்பது அவனுக்கு உரிய கருவியைப் பறிப்பதாகும். ஆனால் அவனுடைய தாயின் பேச்சை இழிந்தது என்று சொல்லிக் கற்பித்தால், அவன் மொழியைக் கற்கமாட்டான். வாய்மூடி இருக்கவே கற்பான். அவ்வாறே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 'திருப்பலி' என்று சொல்லப் பழகிய நாம், இன்றும் 'பூசைக்குப் போறேன்' என்னும் மூதாட்டியைத் திருத்த விரைய வேண்டா. அவர் செல்லும் இடமும் நாம் செல்லும் இடமும் ஒன்றே.

விதியைக் காப்பதா, விளையாட விடுவதா என்று ஐயுறும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போம்: இச்சொல் என் எதிரே நிற்பவரை ஒருவரினும் பெரியவராக்கியதா, அன்றி ஒருவரினும் சிறியவராக்கியதா? பெரியவராக்கியது எனில், அது விதிக்கு உட்பட்டதாயினும் மீறியதாயினும் நல்ல தமிழே. சிறியவராக்கியது எனில், எத்தனை இலக்கண நூல்கள் அதற்குச் சான்றளித்தாலும், அது ஆண்டவர் திருமுன் பிழையாகவே நிற்கும்.