சும்மா செய்ததா?

"எவ்வளவும்மா?" என்று கேட்கிறார், கோலாலம்பூரிலிருந்து மலையேறி வந்தவர். அவர் கையில் இருப்பது நீ செய்த தீபாவளி வாழ்த்து அட்டை. நம் தேயிலை மலையின் திரிங்காப் ஊர்ச் சாலையோரம், முட்டைக்கோசுக் கூடைகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பத்து அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறாய். என்ன பதில் சொல்கிறாய்?

"சும்மா செஞ்சதுங்க. பாத்துக் குடுங்க."

சும்மாவா? தங்கச்சி, அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வருகிறது!

நேற்று ராத்திரி நடந்ததை நான் சொல்லட்டுமா? கனத்த தாளை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தாய். நார் ஓடும் திசையில் மடித்தால்தான் மடிப்பு வெடிக்காது என்பது உனக்குத் தெரியும். கரண்டிக் காம்பால் கோடு அழுத்தி மடித்தாய். ரப்பர் ஸ்டாம்பில் மெதுவாகக் காயும் மையைத் தொட்டு ஒற்றினாய்; ஈரம் போகுமுன் பொன்பொடி தூவினாய்; சூடு காட்டினாய். பொடி உருகிப் பளபளவென்று எழும்பும் அந்த நொடி தவறினால் தாள் கருகும். நீ தவறவிடவில்லை. பிறகு குத்துவிளக்கு வடிவில் தாளை வெட்டும் டையைத் தாள்மேல் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே இயந்திரத்தில் செருகி, கைப்பிடியைச் சுற்றினாய். குத்துவிளக்கு அறுந்து வந்தது. சுடரின் நுனி மட்டும் டைக்குள் சிக்கிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியால் எடுத்தாய். வெளியே மூடுபனி. மெதுவாகக் காயும் அந்த மை இந்த ஈரக்காற்றில் இன்னும் அடம்பிடித்தது. விரல் பட்டு ஒரு அட்டை பாழ். ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அடுத்த தாளை எடுத்தாய்.

இதற்குப் பெயர் சும்மாவா?

"வெறும் பேப்பர்தானே அக்கா" என்பாய். வெறும் பேப்பருக்கு விலை வைத்த ஒருவரைச் சொல்கிறேன், கேள். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், ஓவியர் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொன்னார். அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங் விலை வைத்தார். அந்தக் காலத்துக்கு அது கொள்ளை விலை! படத்தில் குழந்தைக்கும் மது கொடுக்கிறார்களே என்று வசவு வேறு. மனிதர் விலையைச் சொல்ல வெட்கப்படவில்லை. உலகின் முதல் கிறிஸ்துமஸ் அட்டை விற்பனைக்கு வந்தது இப்படித்தான்.

அவர் வசதியான ஆள் என்று தள்ளிவிடுகிறாயா? சரி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பார். இட்கா சம்கோவா, செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த பஞ்சத்தில் யுனிசெஃப் உதவி அந்த ஊருக்கு வந்தது. நன்றி சொல்ல ஒரு படம் வரைய வேண்டும்; தாள் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அதன்மேல் தீட்டினாள், கம்பத்தைச் சுற்றி ஆடும் சிறுமிகளை. 1949இல் யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையானது அந்தப் படம்தான். தாளே இல்லாதவள் அவள்! உனக்கு என்ன இல்லை?

டை வாங்கக் காசில்லை என்கிறாய். உண்மைதான், டை விலை கூடுதல். அதற்காகக் கடன் வாங்காதே. காலடியில் கிடப்பதைப் பார். தோட்டத்தில் செலரி அறுத்துப்போட்ட அடிக்கட்டையை மையில் ஒற்றித் தாளில் வை, ரோஜாப்பூ விழும். உருளைக்கிழங்கை வெட்டிச் செதுக்கினால் அதுவும் ஸ்டாம்பு. மையா? மலை முழுக்கத் தேயிலைக்காரர்கள் நாம்! துருப்பிடித்த ஆணியைச் சில நாள் வினிகரில் ஊறப்போடு, மூடியை மட்டும் இறுக்காதே. அந்த நீரில் சில சொட்டு எடுத்துக் கடுந்தேயிலைச் சாயத்தில் விடு. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே கறுத்துப்போகும். வெறும் தேயிலைச் சாயத்தில் தாளை நனைத்து உலர்த்தினால் பழைய ஓலையின் நிறம் வரும். இந்த மலையின் நிறம் அது. எந்தக் கம்பெனி பாக்கெட்டில் கிடைக்கும்?

சிவகாசியை நினைத்துக்கொள். வானம் பார்த்த வறண்ட பூமி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. பொங்கல் வாழ்த்தும் காலண்டரும் ஊர் ஊராகப் போனது அந்த லேபிளின் வாலைப் பிடித்துக்கொண்டுதான். பொங்கல் வாழ்த்தைக் கைப்பேசி விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைப்பவர்கள் வைக்கட்டும். ஆயிரம் பேருக்கு ஒரே படத்தைத் தட்டிவிடும் காலத்தில், ஒருவருக்காகவே செய்த அட்டைக்கு மதிப்பு ஏறியிருக்கிறது, இறங்கவில்லை.

இப்போது கணக்குக்கு வா. 2025 பிப்ரவரி முதல் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். ஒரு அட்டைக்கு ஒரு மணி நேரம் போகிறதென்றால் கூலி மட்டும் அவ்வளவு. தாள், மை, உறை, கெட்டுப்போன அட்டை எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று ரிங்கிட் போடு. பதினொன்றைத் தொடுகிறது, லாபம் இன்னும் வரவேயில்லை! இதை மூன்று ரிங்கிட்டுக்குக் கொடுத்தால், வாங்கியவருக்கு நீ கூலிகொடுத்து வேலை செய்ததாக அர்த்தம்.

இன்னொன்று. 1929இல் ரஸல் என்பவர் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்த உன் பாட்டியின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. எடு பேனாவை! அட்டையின் பின்பக்கம், கீழ் ஓரத்தில், உன் பெயரை எழுது. அதற்குக் கீழே திரிங்காப் என்று எழுது.

எழுதினாயா? இனி கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்: "பன்னிரண்டு ரிங்கிட்." குரல் நடுங்குகிறதா? மறுபடி சொல். பின்னால் "ங்க, பாத்துக் குடுங்க" என்று இழுக்காமல் சொல். நாளைக்குச் சனிக்கிழமை, காலையிலேயே கார்கள் ஏறி வந்துவிடும்.