கருவிற் கண்ட குறியும் தாயின் துயரும்

தாய் வயிற்றிற் கருவாய்த் தங்கிய காலத்து உயிர் படும் இடையூறுகளை மாணிக்கவாசக அடிகள் போற்றித் திருவகவலில் முதல் திங்கள் தொடங்கிப் பத்தாந் திங்கள் ஈறாக எண்ணிக் காட்டியருளினார். அவ்விடையூறுகளினின்றும் தப்பியே நாம் ஒவ்வொருவரும் இவ்வுலகிற்கு வந்தோம் என்பது அப்பகுதியை ஓதுந்தோறும் நினைவிற்கு வரற்பாலது. ஆயினும் அடிகள் ஆங்கு எண்ணியன கருவிலுள்ள உயிர் படும் இடர்கள். அக்கருவைத் தாங்கும் தாய் படும் அச்சத்தைக் குறித்து நம்மனோர் சிந்தித்தது குறைவு. இக்காலத்தே அவ்வச்சம் ஒரு புதிய வடிவு கொண்டுள்ளது. முன்னெல்லாம் மகப்பேறு வரை மறைந்திருந்தவற்றுட் சில, இப்பொழுது நாலாந் திங்களிலேயே ஒரு தாளில் எண்ணாக எழுதப்பெற்றுத் தாயின் கையிற் கொடுக்கப்படுகின்றன. அவ்வெண்ணை ஏந்தி நிற்பவளுக்குச் சைவ சித்தாந்தம் கூறும் துணைமொழி யாது? அவளைச் சூழ்ந்த நாம் கூறத்தக்கது யாது, கூறத்தகாதது யாது? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சி ஏட்டினின்றும் எழுந்ததன்று. என் இல்லத்தினின்றும் எழுந்தது. என் மகள் 38 வயதினள். முன்னர் இருமுறை அவளுக்குக் கரு நிலையாது கழிந்தது. மூன்றாம் முறை கருவுற்றபோது குருதியழுத்தமும் உடனுற்றது. மருத்துவர் இதனை இடர் மிகுந்த கருப்பம் என்று வகுத்தனர். 16-ஆம் வாரத்திற் செய்த குருதிச் சோதனை, குழவிக்கு டவுன் குறைபாடு இருத்தற்கு வாய்ப்பு 60-இல் ஒன்று என்று கூறிற்று. அத்தாளை என்னிடம் நீட்டி அவள் அழுதாள். நாற்பதாண்டு சித்தாந்தம் பயிற்றிய யான், "எல்லாம் வினைப்பயன் அம்மா; வருவது வந்தே தீரும்" என்றேன். அவள் அழுகை நின்றது; ஆறுதலால் நின்றதன்று. என்னை நிமிர்ந்து நோக்கி, "அப்பா, அது யார் வினை? என் வினையா, இந்தக் குழந்தையின் வினையா?" என்று கேட்டாள். என்பால் விடை இல்லை. மெய்யான கொள்கையொன்றைத் தகாத பொழுதில், தகாத முறையிற் சொல்லிவிட்டேன் என்பது அன்றிரவே எனக்கு விளங்கிற்று.

முதற்கண் அச்சோதனை இன்னது என்று அறிதல் வேண்டும். மக்களுடம்பின் உயிரணுக்களிற் குரோமோசோம் என்னும் இழைகள் 23 இணைகளாக, 46 உள. அவற்றுள் 21-ஆவது இரண்டாக அமையாது மூன்றாக அமையின் டவுன் குறைபாடு உண்டாம். அதன் அடையாளங்களை ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866-இல் எழுதினார். மிகையான இழையொன்றே அதற்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு நாட்டு லெழூனும் அவர்தம் குழுவினரும் 1959-இல் வெளியிட்டனர். தாயின் குருதியிலுள்ள சில பொருள்களின் அளவு, அவள் வயது, கருவின் வாரக்கணக்கு ஆகியவற்றை ஒருங்கு கணித்து "இத்தனையில் ஒன்று" என்று கூறுவது ஒருவகைச் சோதனை. மூன்றாந் திங்களின் இறுதியில் ஸ்கேன் கருவியாற் குழவியின் பிடரிப்புறத்து நீர்ப்படலத்தை அளந்து, அதனையும் கூட்டிக் கணித்தல் மற்றொரு வகை. தாயின் குருதியிற் குழவியின் மரபணுத் துணுக்குகளும் உலவுகின்றன என்று டென்னிஸ் லோ முதலியோர் 1997-இல் வெளியிட்டபின், அவற்றை ஆராயும் நுண்ணிய சோதனையும் பிற்காலத்து வழக்கிற்கு வந்தது. இவை யாவும் சல்லடை போல்வன. சல்லடை ஐயுறத்தக்கதைப் பிரித்து வைக்குமேயன்றி, அஃது இன்னதே என்று முடிவு கூறாது. முடிவு கூறுதற்குரியது, 15-ஆம் வாரத்தின்பின் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீர் சிறிது எடுத்து, அதிலுள்ள குழவியின் உயிரணுக்களை ஆராயும் சோதனையே. அதனாற் கருச்சிதைவு நேர்தலும் உண்டு. அது நூற்றில் ஒன்றினும் குறைவு என்பர். உயிரணுக்களை வளர்த்துப் பார்த்து முழு முடிபு கூற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

இனி, 60-இல் ஒன்று என்பதன் பொருள் யாது? அவ்வெண்ணைப் பெற்ற தாயர் அறுபதின்மரை ஒருங்கு நிறுத்தின், அவருள் 59 பேர் வயிற்றிலுள்ள குழவிகட்கு அக்குறைபாடு இல்லை, ஒருத்தியின் குழவிக்கு உண்டு என்பது கணக்கு. என் மகள் அவ்வொருத்தியோ, ஏனையோருள் ஒருத்தியோ என்பதை அத்தாள் சொல்லவில்லை.

சிவஞான சித்தியார் அளவை இலக்கணங் கூறும் பகுதியோடு தொடங்குவதனை இவ்விதழ் அன்பர்கள் அறிவர். மாசற்ற காட்சிக்கு ஐயமும் திரிபும் ஆகா என்பது ஆண்டுப் பெறப்படும். மாலையிருளில் தொலைவில் நிற்பதனைக் குற்றியோ மகனோ என இருபாற்படக் காண்டல் ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிபு. சல்லடைச் சோதனை தந்தது ஐயம். அதனைப் பெற்ற அன்றே குழவியை இழந்தாற்போல் என் மகள் அழுதது, ஐயத்தைத் திரிபாக மாற்றிக்கொண்டமையான். அவளைக் காணவந்த உறவினர், "ஒன்றும் இராது, கவலைப்படாதே" என்று உறுதி கூறியதும் திரிபே. பாம்பாகவும் இருத்தற்கு இயைந்ததைக் கயிறே என்று துணிதல் அது. அத்தகைய உறுதிமொழி துன்புற்றாள் செவியில் ஏறாமைக்குக் காரணம், அது மெய்யன்மையை அவள் உள்ளம் அறிந்திருத்தலேயாம். ஐயத்திற்கு மருந்து விளக்கொடு அருகிற் சென்று காண்டல். காணுந்துணையும் ஐயத்தை ஐயமாகவே வைத்திருத்தலும் ஓர் அறிவே. அது கடினமான அறிவு.

ஈண்டு ஒரு தடை நிகழும். "ஊதியமும் இழப்பும், இன்பமும் நோயும், முதுமையும் இறப்பும் கருவிலேயே அமைந்தன என்பது சித்தாந்தமன்றோ? அமைந்ததனை முன்னர் அறிந்து ஆவதென்?" என்பாரும் உளர். அற்றன்று. அமைந்தது என்பது வேறு. அமைந்தது இன்னது என யாம் அறிந்தோம் என்பது வேறு. முன்னது இறைவன் அறிவின்கண் நிற்பது. பின்னது நமக்கு இல்லாதது. மேலும், வினை தன் பயனை வாயில்களின் வழியே தருவது. மருத்துவரும் மருந்தும், உரிய காலத்து அறிதலும் அவ்வாயில்களின் பாற்படும். டவுன் குறைபாடுடைய குழவிகளுள் ஏறத்தாழப் பாதியர்க்கு இதயக் குறையும் உண்டு. முன்னரே அறிந்தவர், அக்குழவிக்கு வேண்டும் மருத்துவம் கிட்டும் இடத்தே மகப்பேற்றை அமைத்துக்கொள்ளலாம். அறியாமையைத் தேர்ந்துகோடல் வினையை நம்புதல் ஆகாது. அன்றியும், பிராரத்தத்தை நுகரும்பொழுதே ஆகாமியம் ஏறுகின்றது என்பதும் சித்தாந்தமே. துயர் வந்தவிடத்து நாம் என் செய்கின்றோம், என் சொல்கின்றோம் என்பன நம் பொறுப்பில் நிற்பன. அன்று யான் சொன்ன சொல்லைக் கேட்க நேர்ந்தது என் மகளின் பிராரத்தமாயின், அதனைச் சொன்னது என் ஆகாமியம்.

இதனாற் சோதனை செய்தே தீரல் வேண்டும் என்றேனல்லேன். ஊசியால் நேரக்கூடிய இடர் சிறிது என்பது கணக்கு. இருமுறை இழந்தவளுக்கு அது சிறிதாகத் தோன்றாது. செய்தலும் தவிர்தலும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து அவளும் அவள் கணவரும் துணிதற்பாலன. ஏனையோர் அவர் துணிவிற்குத் துணை நிற்பதே முறை.

இனி, அவள் கேட்ட வினாவிற்கு வருவோம். உயிர்கள் அநாதி. பெற்றோர் உடம்பிற்கு வாயிலாவரேயன்றி உயிரைப் படைத்தாரல்லர். ஆகவே குழவி எய்தும் உடம்பு அவ்வுயிரின் வினைக்கேற்ப இறைவன் கூட்டியது. தாய் எய்தும் துன்பம் தாயினது. ஒருவர் வினையை மற்றொருவர்மேல் ஏற்றுதல் சித்தாந்தமாகாது. நூல் கூறுவது இவ்வளவே. இதற்கு மேலுஞ் சென்று, "இவள் இன்ன பிழை செய்தாள், ஆகலின் இன்னது வந்தது" என்பார் நூல் கூறாததனைக் கூறுகின்றார். மலைமேற் புகை கண்டு ஆண்டு நெருப்பு உண்டு எனக் கருதலாம். எரிவது வேம்போ புளியோ என்று அடிவாரத்தில் நின்று கூறலாகாது. துன்பங் கண்டு வினை உண்டு என்று கருதலாம். இன்ன வினை என்றல் வினையறிந்து ஊட்டும் முதல்வனுக்கே உரியது. மருத்துவநூலும் இவ்விடத்தே தாயின்மேற் பழி சுமத்தவில்லை. மிகையான இழை பெரும்பாலும் கருமுட்டை உருவாகுங்கால் இழைகள் செவ்வனே பிரியாமையான் வருவது. தாய் உண்டதனாலோ நடந்ததனாலோ அழுததனாலோ வருவதன்று. அவள் வயது ஏற ஏற அது நிகழ்தல் மிகும், அவ்வளவே. வினைக்கொள்கை தன்னை நோக்கிப் பயன்படுத்தற்குரியது. துன்புற்றார் ஒருவரை நோக்கி நீட்டப்படின், அது கொள்கை என்னும் பெயரை இழந்து வசையாய் முடியும்.

ஐயம் நீங்கிக் குறைபாடு உண்டு என்றே முடிபு வரின் என் செய்வது? ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு, விடியுந்துணையும் விளக்குப்போல் உதவும்பொருட்டு இறைவன் மாயையினின்றும் உடம்பைத் தந்தான் என்பது நம் கொள்கை. சிறு சுடரும் விளக்கே. டவுன் குறைபாடுடையார் கற்றல் மெல்ல நிகழும். ஆயினும் அன்பறிந்து ஒழுகுவர். பலர் பள்ளி சென்று, தொழிலும் செய்கின்றனர். நன்மருத்துவம் கிட்டும் நாடுகளில் இவர்தம் சராசரி வாழ்நாள் இன்று ஏறத்தாழ 60 ஆண்டு. வேறு சில குறைபாடுகள் கொடியன. அவற்றையுடைய குழவி பிறந்த சின்னாளிலேயே இறத்தலும் உண்டு. அத்தகைய நிலையிற் கருவை விலக்குதற்கு நம் நாட்டில் 1971-இல் இயற்றப்பெற்று 2021-இல் திருத்தப்பெற்ற சட்டம் வரையறைகளோடு இடந்தருகின்றது. உயிர்க்கு வாய்த்த உடம்பை எளிதாகக் கருதி விலக்கலாகாது என்பதே என் கொள்கை. ஆயினும் அந்நெருக்கத்தில் ஒரு தாய் கொள்ளும் துணிவைத் திண்ணையில் அமர்ந்து அளப்பதற்கு எனக்குத் தகுதி உண்டு என்று யான் கருதவில்லை.

என் மகள் பனிக்குட நீர்ச் சோதனைக்கு உடன்பட்டாள். அதன்பின் இரண்டு வாரம் காத்திருத்தல் வேண்டும். அவ்விரு வாரத்தில் யான் கற்றது, நாற்பதாண்டிற் கற்றதனோடு ஒப்ப நிற்பது. அவள் தாய் ஒன்றும் வினவவில்லை, வேளைக்கு உணவிட்டாள், குருதியழுத்தத்திற்குரிய மருந்தைப் பொழுது தவறாது கொடுத்தாள், இரவில் அவளருகே படுத்துக்கொண்டாள். யான் முதலிற் செய்தது, "அன்று சொன்னது பிழை அம்மா" என்று கூறியதே. நாள்தோறும் மாலை விளக்கேற்றியபின் சிறிது நேரம் அச்சத்தைப் பற்றி மனம் விட்டுப் பேசுவது, மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை அப்பொழுதே ஒரு தாளிற் குறித்துக்கொள்வது, மற்றைப் பொழுதில் அதனை ஒத்திவைப்பது என்று வரையறுத்தோம். அச்சம் அதனால் ஒழிந்ததன்று. ஆயினும் நாள் முழுதையும் விழுங்காமல் ஓர் எல்லையில் நின்றது. ஐந்தெழுத்தும் ஓதினோம். அதனைக் குழவியின் உடலமைப்பை மாற்றுதற்குரிய விலையாக ஓதாமல், வருவதனை ஏற்கும் வலிமை வேண்டி ஓதினோம். அழுகை வந்தவிடத்துத் தடுத்தோமில்லை. சூலை நோயால் வருந்திய நாவுக்கரசர் தம் வலியை மறையாது இறைவன்பாற் கூறியன்றோ பாடத் தொடங்கினார்! அழுதல் பத்திக் குறைவாகாது.

சோதனை முடிபு வந்தது. அஃது யாதென்று ஈண்டு எழுதேன். நன்றாயின் பத்தியின் பயன் என்பார் சிலர்; அன்றாயின் வினையின் பயன் என்பார் சிலர். அவ்விரண்டும் கூறலாகாது என்பதே இதுகாறும் கூறியது. முடிபு எதுவாயினும் இக்கட்டுரை இங்ஙனமே எழுதப்பட்டிருக்கும்.

மடங்களிலும் கோயில்களிலும் வினைக்கொள்கையை விரித்துரைக்கும் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். தம் முன் அமர்ந்திருப்போருள், அத்தகைய தாளொன்றை மடித்து வைத்துக்கொண்டு ஒருத்தி இருத்தல்கூடும் என்பதனை மறவாதிருப்பாராக.

மகளின் வினாவிற்கு யான் பின்னர்ச் சொன்ன விடை இது: "யார் வினை என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. நீ அறியவேண்டியது, இக்குழந்தை உன்னிடம் தரப்பட்டது என்பது. நாங்கள் அறியவேண்டியது, நீ எங்களிடம் தரப்பட்டவள் என்பது." அவள் மறுமொழி கூறவில்லை, அன்றிரவு உறங்கினாள்.

திருச்சிற்றம்பலம்