ஆவேசமும் தர்க்கமும்

விவாத சபையில் கேட்போரின் உள்ளத்தைக் கலக்கி வெற்றி காணும் ஆவேசப் பேச்சு அதர்மமென்றும், காரண காரியங்களை நிறுத்துப் பார்க்கும் தர்க்கமே தர்மமென்றும் சொல்லிவிடுவது எளிது, ஆனால் கி.மு. 427-இல் ஏதென்ஸ் நகரத்து மக்கள் சபையில் நிகழ்ந்ததைச் சரித்திராசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்தபடி ஊன்றிப் படிப்பவருக்கு அந்தத் தீர்ப்பு போதாது.

லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றபோது, அதன் ஆண்மக்கள் அனைவரையும் கொன்று பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக்குவதென்று சபை ஆத்திரத்தில் தீர்மானித்து, கட்டளையோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாளே ஜனங்களின் மனம் உறுத்தியது. சபை மீண்டும் கூடிற்று. முதல் தீர்மானத்தை நிறைவேற்றுவித்த கிளியோன், இரக்கமும் பேச்சின் சுவையில் மயங்குவதும் சாம்ராஜ்யத்துக்குக் கேடு என்று எச்சரித்தான். எச்சரித்துக்கொண்டே, பட்ட துரோகத்தை நினைவில் கிளறி, சூடு ஆறுமுன் தண்டித்துவிடும்படி தூண்டினான்.

எதிர்த்து எழுந்த டியோடோட்டஸ் குழந்தைகளின் கதியை வருணித்துக் கண்ணீர் வரவழைக்க முயலவில்லை. மரண தண்டனையின் அச்சம் மனிதரைக் குற்றத்திலிருந்து தடுத்ததில்லை என்றும், சரணடைந்தாலும் சாவுதான் என்றானபின் இனிக் கலகம் செய்யும் எந்த நகரமும் இறுதிவரை போராடும் என்றும், ஆயுதம் கைக்கு வந்ததும் நகரை ஒப்படைத்த சாமானியரையும் கொன்றால் எங்குமுள்ள சாமானியர் நம்மை விட்டு அகல்வர் என்றும் அடுக்கடுக்காகக் காரணம் காட்டினான். சொற்ப வித்தியாசத்தில் அவன் பக்கம் வென்றது. ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்ட கப்பலைத் தொடர்ந்த இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள், மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, முறைவைத்து உறங்கி, மிட்டிலீனியில் இருந்த ஏதென்ஸின் தளபதி முதற் கட்டளையை வாசித்து நிறைவேற்ற முற்பட்ட தருணத்தில் கரைசேர்ந்தார்கள்.

சபையை மீண்டும் கூட்டியது தர்க்கமன்று, நெஞ்சின் உறுத்தலே. ஆனால் அந்த உறுத்தலுக்குத் துணையாகத் தர்க்கம் வராதிருந்தால் கிளியோனின் ஆத்திரம் அதை விழுங்கியிருக்கும். ஆகவே குற்றம் உணர்ச்சியை எழுப்புவதில் இல்லை, கேட்பவன் ஆராய்வதற்குரிய அவகாசத்தைப் பறிப்பதில்தான் இருக்கிறது என்று கொள்ளவேண்டும். டியோடோட்டஸின் வாதத்தை ஒவ்வொரு படியாகச் சோதித்து மறுக்கவும் இடமுண்டு. கிளியோனின் பேச்சுக்கோ கோபம் தணியாதிருந்தாக வேண்டும்.

ஆயினும் அத்தர்க்கம் நீதியை ஒதுக்கி ஆதாயத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்ததை மறக்கலாகாது. கலகத்துக்கு முதன்மையானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளியோனின் பிரேரணைப்படியே கொல்லப்பட்டதாகத் துசிடிடீஸ் குறிக்கிறார். கி.மு. 416-இல் மீலோஸ் தீவினரிடம் சென்ற ஏதென்ஸின் தூதர்கள், நீதியை விட்டு லாப நஷ்டத்தைப் பேசும்படி கேட்டபோது, ஒரு நகரைக் காத்த அதே அளவுகோல் மற்றொன்றை அழிக்கவும் உதவிற்று: தீவு பணிந்தபின் அதன் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்டு பிள்ளைகள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.