சங்கம் சேர்வது சதியா?

"ஒருவன் வேலைக்குப் போக மறுத்தால் அது அவன் உரிமை. பத்தாயிரம் பேர் சேர்ந்து மறுத்தால் மிரட்டல் அல்லவா, ஐயா?" வகுப்பிலே மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். கேட்டவன் சிறுவன், கேள்வியோ பழையது. நீதிமன்றங்களே கேட்ட கேள்வி!

1918இல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் திரண்டனர். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். 1920இல் கதவடைப்பு வந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்று சங்கத் தலைவர்கள்மீது நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றமும் வாடியாவுக்குத் தடை விதித்தது.

இங்கிலாந்திலோ 1906ஆம் ஆண்டே இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைச் சட்டம் காத்து நின்றது. கடலுக்கு அப்பால் உரிமை, இப்பால் குற்றம்! செயல் ஒன்றே, சட்டந்தான் வேறு.

தோழர்களே! கம்பெனி என்பது யாது? பலருடைய பணம் ஒன்று சேர்ந்த சங்கந்தானே அது? அந்தச் சேர்க்கையை ஓர் 'ஆள்' என்றே சட்டம் ஏற்கிறது. பணம் சேர்ந்தால் கம்பெனி. கைகள் சேர்ந்தால் சதி! இது நீதியா?

உழைப்பு, கிடங்கிலே பூட்டி வைக்கும் சரக்கு அன்று. இன்று விலைபோகாத பஞ்சை நாளை விற்கலாம். இன்று விலைபோகாத உழைப்போ இன்றோடு மாய்ந்தது. முதலாளி மாதக்கணக்கில் காத்திருப்பார். தொழிலாளியின் அடுப்பு ஒரு வாரமும் காத்திராது. ஆடம் ஸ்மித் என்ற பொருளியல் அறிஞர் 1776இலேயே இதை எடுத்துரைத்தார். கூலியைத் தீர்மானிப்பது திறமை மட்டுமன்று, காத்திருக்கும் வலிமையுமாகும். தனியே நிற்பவனுக்கு அவ்வலிமையைத் தருவது சங்கம்.

சங்கம் தவறே செய்யாது என்று நான் வாதிடவில்லை. தவறு செய்யும் கம்பெனியைத் திருத்துகிறோமே தவிர, பணம் சேர்வதையே தடுப்பதில்லை. அந்த நியாயம் உழைப்புக்கும் வேண்டும்.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பதிவுபெற்ற சங்கங்களுக்குச் சதிக் குற்றச்சாட்டிலிருந்தும் இழப்பீட்டு வழக்கிலிருந்தும் பாதுகாப்பு அளித்தது. அதற்கு மாற்றாக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அப்பாதுகாப்பை விட்டுவிடவில்லை. ஆனால், முன்பு பொதுப்பயன்பாட்டுப் பணிகளுக்கு இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கடமையைத் தொழில்கள் அனைத்துக்கும் விரித்தது. 14 நாள் கழிந்த பின்னரே வேலைநிறுத்தம். அந்த 14 நாளிலே சமரசமும் பிறக்கலாம். சங்கத்தின் வேகமும் தணியலாம். சட்டத்தின் ஒவ்வொரு வரியும் தராசின் ஏதோ ஒரு தட்டிலே விழுகிறது.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: "தம்பி, தனியாக மறுப்பவனுக்குப் பட்டினி கிடக்கும் உரிமை மட்டுமே உண்டு. சேர்ந்து மறுக்கும்போதுதான் பேசும் உரிமை பிறக்கிறது."

சட்டம் அனுமதித்ததால் அந்த உரிமை நியாயமாகவில்லை. நியாயமானதால்தான் சட்டம் பணிந்தது. எண்ணிப் பாருங்கள், இளைஞர்களே!