நிருமாலியமும் வீண்படுதலும்

சிவபெருமானுக்கு அளிக்கப்பட்ட பொருள் வீண்படுதல் உண்டோ என்னும் வினாவுக்கு இக்காலத்து இருதிறத்தார் இருவேறு விடை கூறுகின்றனர். ஒருசாரார், திருமேனிமேற் பாலாட்டுதல் வறியோர் வாய்க்குரியதைச் சாக்கடையிற் கொட்டுதலேயாம் என்பர். மற்றொருசாரார், இறைவன்பொருட்டுச் செய்வதில் அளவு பேசுதலே அன்பின்மையாம், நூறு குடம் பால் வரினும் நூறும் ஆட்டுக என்பர். இவ்விரு கூற்றும் சைவநூற் கருத்தொடு பொருந்தாமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருச்சேய்ஞலூரில் மண்ணியாற்றங்கரையில் விசாரசருமர் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட்டபோது, அதனைக் கண்டான் ஒருவன் ஊர் அந்தணரிடஞ் சென்று, இச்சிறுவன் பாலை மணலிற் சொரிந்து வீணாக்குகின்றான் என்றே முறையிட்டான். ஆதலின் இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. அதற்கு விடையைச் சேக்கிழார் சுவாமிகள் அவ்வரலாற்றினுள்ளேயே வைத்தருளினார். அப்பசுக்கள் தாமே பால் பொழிந்தன. பொழிந்தும், உடையவர்க்குச் செல்லவேண்டிய குடப்பால் சிறிதுங் குறைந்திலது. ஆட்டப்பட்ட பால் பிறரொருவர் பங்கைப் பறித்துக் கொணர்ந்ததன்று என்பது இதனாற் பெறப்படும். காணாது குற்றங் கூறியவன் பாலின் அளவை நோக்கினான். அது யாருடைய பங்கு என்பதை நோக்கினானல்லன். வழிபாட்டில் வீண் எது என்று துணிதற்கு யாம் கொள்ளும் அளவுகோல் இதுவே.

இறைவன் பூரணன், நாம் கொடுப்பதனால் அவனுக்கு நிறைவும், கொடாமையாற் குறைவும் இல்லை. பூசை உயிரின்பொருட்டு விதிக்கப்பட்டது. எனது என்னும் பற்று நெகிழ்தலே அதன் பயன். அங்ஙனமாக, நூறு குடம் ஆட்டினேன் யான் என்று ஊரறியச் செய்பவனுக்கு அப்பற்று நெகிழ்ந்ததோ, முறுகிற்றோ? விளக்கொன்று அளித்து, அதன் கண்ணாடி முழுதும் தம் பெயரெழுதி அவ்வொளியையே மறைக்கும் உபயகாரரை நாம் கண்டதில்லையா!

அற்றேல், அன்புக்கு அளவு விதித்தல் யாங்ஙனம் எனின், அன்புக்கு விதித்தாரல்லர், பொருளுக்கே விதித்தார். அபிடேகத் திரவியங்களுக்கும் நைவேத்தியத்துக்கும் சிவாகமங்கள் அளவு கூறி, அவரவர் ஆற்றலுக்கேற்ப உத்தமம், மத்திமம், அதமம் எனவும் வகுத்தன. தஞ்சை இராசராசேச்சரம் முதலிய கோயிற் கல்வெட்டுக்களில் நொந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடு 96 விடப்பட்டு, நாளொன்றுக்கு உழக்கு நெய் என வரையறுக்கப்பட்டிருத்தல் காண்க. பேரரசன் எடுத்த பெருங்கோயிலிலும் நெய் உழக்காலேயே அளக்கப்பட்டது. முதலாகிய ஆடுகள் குன்றாது நிற்க, அவற்றின் பயனிலிருந்து விளக்கு எரிதல்வேண்டும் என்பது அவ்வேற்பாடு. அதனை உலோபம் என்பார் யாவர்?

இனி, அறிவாட்டாய நாயனாரை நினைமின். கணமங்கலத்துத் தாயனார் செந்நெல்லரிசியும் கீரையும் மாவடுவும் சுமந்து சென்றபோது கால் இடறி, அவையெல்லாம் நிலவெடிப்பிற் சிந்தின. அது கண்டு தம் கழுத்தையே அரியத் துணிந்தார் அவர். வழியிற் சிந்திய அமுதின்பொருட்டு உயிர்விடத் துணிந்த அடியார் வரலாற்றை ஓதும் நாம், பிரதோடந்தோறும் உண்பாரின்றி இலையோடு எறியப்படும் பிரசாதத்தைக் கண்டு முகஞ் சுளித்தலும் இல்லேம். உண்பார் தொகை நோக்கிச் சமையாமையும், கை நிறைய அள்ளிக் கொடுத்தலே சிறப்பென்னும் எண்ணமுமே இதற்குக் காரணம்.

பத்ததி நூல்கள் சிவன் பொருளைத் தேவசுவம், தேவத்திரவியம், நைவேத்தியம், நிவேதிதம், சண்டத்திரவியம், நிருமாலியம் என ஆறாகப் பகுக்கும். நிவேதிக்கச் சமைத்ததும் நிவேதித்ததும் வெவ்வேறாக எண்ணப்பட்டமை கருதத்தக்கது. வாயிலிற் குவிந்து, சந்நிதியை அடையாமலே வாடும் மாலை ஆறனுள் எதன்பாற்படும்? அது சாத்தப்படாமையால் நிருமாலியமன்று. வாங்கியவர் கைவிட்டமையால் அவர் பொருளுமன்று. வீண் என்னும் சொல்லுக்கு முற்றும் உரியது அதுவே. வந்த பாலிற் பூசைக்கு வேண்டுமளவு கொண்டு, எஞ்சியதை ஆட்டுதற்கு முன்னரே அடியார்க்கும் குழவிகட்கும் அளித்தலில் ஆகம விரோதம் யாதும் இல்லை. கொணர்ந்தவர் இசைவை முன்னரே பெறுதல் மாத்திரம் வேண்டும்.

கோமுகை வழியே வரும் நீரைக் கடத்தலாகாது என்பது விதி. அந்நீர் இன்று பல ஊர்களில் தெருச் சாக்கடையோடு கலக்க, நாம் அதனைத் தாண்டியே நடக்கின்றோம். சாத்திக் கழித்த மலரைத் திருக்குளத்தில் இடுதலும் அத்தகையதே. ஓடும் ஆறு தாங்கியதைத் தேங்கிய குளம் தாங்காது. மலர் அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி குன்றி மீன்கள் மடிகின்றன. நீரும் நிலமும் அட்டமூர்த்தியின் வடிவங்கள் என்று ஓதிவிட்டு, ஒரு மூர்த்தத்தின் நிருமாலியத்தால் மற்றொரு மூர்த்தத்தை மாசுபடுத்தல் என்ன வழிபாடு? தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாசுடிக் பொருள்களைத் தடுத்தபோதும், பாலுறைகளை அத்தடையினின்று விலக்கிற்று. ஆகவே சந்நிதியிற் குவியும் பாலுறையை நீக்கும் கடமை சட்டத்தினதன்று, நம்மதே. பித்தளைச் செம்பிற் பால் கொணர்தல் நம் பாட்டிமார்க்கு அரிய செயலாயிருந்ததில்லை. சண்டேசுரர் திருமுன் ஆடையின் நூலைக் கிழித்து இடுவாரும் அதனை ஒழிக. சிவன் பொருள் எதனையும் கொண்டு செல்லவில்லை என்று வெறுங்கை காட்ட வேண்டிய இடத்தில் நாம் குப்பையை இடுகின்றோம்.

கழித்த மலரை நந்தவனத்து ஒரு மூலையில், கால் படாத குழியில் இட்டு மண்ணாக்குதல் யாம் கூறும் வழி. நாரும் நூலும் முன்னரே களையப்படல் வேண்டும். சரிகை நூலோடு மாலையைப் பசுவுக்கு இடுதல் கொலைக்கு ஒப்பாகும். அம்மண்ணை மீண்டும் நந்தவனச் செடிக்கு இடலாமோ, அச்செடியின் மலர் நிருமாலிய சம்பந்தம் உடையதாகாதோ என்று சிலர் ஐயுறுவர். நிருமாலியம் மண்ணாகியவழி அதன் பெயரும் உருவும் ஒழிந்தமையின், அதனை இடுதலிற் குற்றமின்று என்பது எம் துணிபு. மாறுபடுவார் உளராயின், ஆதீன வித்துவான்கள் ஆகமப் பிரமாணத்தோடு இப்பத்திரிகைவாயிலாகவே தெரிவித்தருளுமாறு வேண்டுகின்றோம்.